கார்ச்சர் புட்ஸி 10/1: அலுவலக கார்ப்பெட் வேலைக்கு ரேட் போடுகிறவர்களுக்கான மதிப்புரை

அலுவலக கார்ப்பெட் சுத்தம் செய்யும் தொழிலில் இறங்குகிறவர்கள் விசாரிக்கும் முதல் மெஷின்களில் ஒன்று கார்ச்சரின் புட்ஸி 10/1. கெமிக்கல் கலந்த தண்ணீரை கார்ப்பெட்டுக்குள் தெளிக்கும். தெளித்த கையோடு அழுக்கையும் சேர்த்து உறிஞ்சிவிடும். மெஷின் நல்ல மெஷின்தான். ஆனால் இதை ஒன்று வாங்கி வைத்துக்கொண்டு, சென்னையில் கிண்டியிலோ ஓஎம்ஆரிலோ ஒரு முழு தளத்துக்கு "சதுர அடி நாலு ரூபாய்" என்று கொட்டேஷன் கொடுத்தால் முதல் இரவிலேயே கையைக் கடிக்கும். ஒரு மணி நேரத்தில் இது எவ்வளவு இடம் முடிக்கும் என்று தெரியாமல் சொல்லும் எந்த ரேட்டும் குருட்டாம்போக்கு. அதனால் மெஷினைப் பற்றியும் அதை வைத்துப் போட வேண்டிய விலையைப் பற்றியும் சேர்த்தே எழுதியிருக்கிறது.

கம்பெனி கொடுக்கும் அளவுகளை முதலில் பார்ப்போம். நல்ல தண்ணீர் டேங்க் 10 லிட்டர், அழுக்குத் தண்ணீர் 9 லிட்டர். தெளிக்கும் வேகம் நிமிடத்துக்கு 1 லிட்டர், அழுத்தம் 1 பார். உறிஞ்சும் மோட்டார் 1,250 வாட், பம்ப் 40 வாட். எடை ஏறக்குறைய 11 கிலோ. ஒரு மணி நேரத்துக்கு 20 முதல் 25 சதுர மீட்டர் என்று போட்டிருக்கிறார்கள். நம் கணக்கில் அது 215 முதல் 270 சதுர அடி. ரேட் போடுகிறவர் மனப்பாடம் செய்ய வேண்டியது இந்த ஒரு எண்ணைத்தான்.

அதுவும் காலியான அறைக்கான எண். வேலை நடக்கும் இடத்தில் எங்கே நேரம் போகிறது என்று பாருங்கள். தெளிக்கும்போதுதான் விசையை அழுத்துகிறோம். தெளிக்காமல் வெறுமனே உறிஞ்சும் இழுப்புகளும் சேர்ந்தால் மூன்றில் ஒரு பங்கு நேரம்தான் தண்ணீர் ஓடும். ஆக ஒரு டேங்க் சுமார் 30 நிமிடம் வரும், அதில் ஏறத்தாழ 10 சதுர மீட்டர், அதாவது 108 சதுர அடி முடியும். பிறகு அழுக்கைக் கொட்டி, கழுவி, நிரப்பிக் கொண்டுவர வேண்டும். குழாய் அதே தளத்தில் இருந்தால் ஐந்து நிமிடம், தளத்தின் மறுகோடியில் இருந்தால் எட்டு. நாற்காலி நகர்த்துவது, ஒயரை ஒதுக்குவது, கறைகளைத் தனியாகப் பார்ப்பது எல்லாம் சேர்ந்தால் மணிக்கு 150 சதுர அடிதான் நம்பத் தகுந்த கணக்கு. இரவில் ஆறு மணி நேரம் உள்ளே இருந்தால், சாமான் ஏற்றி இறக்கியது போக ஐந்து மணி நேரம் மெஷின் ஓடும். ஒரு இரவு, ஒரு மெஷின், 750 சதுர அடி. இதற்கு மேல் முடித்தால் ஈரம் உறிஞ்சப்படாமல் கார்ப்பெட்டிலேயே நின்றிருக்கிறது என்று அர்த்தம்.

டேங்க் அமைப்பு இந்த மெஷினின் பெரிய பலம். நல்ல தண்ணீரும் அழுக்குத் தண்ணீரும் ஒரே கூடாக வருகிறது. கைப்பிடியைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போனால் ஒரே நடையில் கொட்டவும் நிரப்பவும் முடியும், மெஷினை உருட்டிக்கொண்டு போக வேண்டியதில்லை. மூடி கண்ணாடி மாதிரி தெரிவதால் அழுக்கு எவ்வளவு வருகிறது, நுரை ஏறுகிறதா என்று நின்ற இடத்திலிருந்தே பார்க்கலாம். அந்த மூடி வியாபாரத்துக்கும் உதவும். அதைப் பிறகு சொல்கிறேன்.

குறை என்றால், பிரஷ் கிடையாது. தெளிக்கிறது, உறிஞ்சுகிறது, அவ்வளவுதான். இழைகளைத் தேய்த்துக் கிளறிவிடுவது ஆள் வேலை. பேன்ட்ரி வாசல், லிஃப்ட் முன்பக்கம், பிரிண்டர் மூலை போன்ற இடங்களில் அழுக்கு எண்ணெய்ப் பிசுக்கோடு படிந்திருக்கும். அங்கே நேரடியாக மெஷினை இழுத்தால் மேல் அழுக்கு மட்டும் வரும், அடி அழுக்கு இரண்டு நாளில் மேலே ஏறிவிடும். அண்ணன் மாடலான புட்ஸி 10/2-இல் நிமிடத்துக்கு 2 லிட்டர், 2 பார் அழுத்தம். சுழலும் பிரஷ் தலையையும் அதில் மாட்டிக்கொள்ளலாம், மணிக்கு 30 முதல் 45 சதுர மீட்டர் என்று போட்டிருக்கிறார்கள். மாதத்தில் பத்து இரவுக்கு மேல் கார்ப்பெட் வேலை உறுதியாக இருந்தால் 10/2 தான் சரி. சோபா, நாற்காலி, கேபின் வேலைதான் அதிகம் என்றால் 10/1 போதும். கையில் தூக்கிப் படியேறலாம், சின்னக் காரின் டிக்கியில் வைக்கலாம்.

வேலை முறையை ஒரு தடவை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன், ரேட்டின் கணக்கு இதில்தான் இருக்கிறது. முதலில் காய்ந்த நிலையில் வேக்குவம். இதை யாரும் தள்ளிப்போடக் கூடாது. கார்ப்பெட்டில் இருக்கும் அழுக்கில் பெரும்பகுதி மணலும் தூசியும்தான். வேக்குவம் செய்யாமல் தண்ணீர் விட்டால் அது சேறாகி அடிக்குப் போகும். அடுத்து, தோட்டத்து மருந்தடிக்கும் கை ஸ்ப்ரேயர் போன்ற ஒன்றில் ப்ரீ-ஸ்ப்ரே (அழுக்கை முன்கூட்டியே இளக்கும் கெமிக்கல்) கலந்து அழுக்குப் பாதைகளில் மட்டும் அடித்து, பத்து நிமிடம் விட்டு, நைலான் பிரஷால் லேசாகக் கிளறிவிட வேண்டும். அது காய்ந்துவிடக் கூடாது. பிறகு புட்ஸி. ப்ரீ-ஸ்ப்ரே அடித்த இடத்துக்கு டேங்கில் வெறும் தண்ணீரே போதும், அதுதான் அலசல். வெதுவெதுப்பான தண்ணீர் நன்றாக வேலை செய்யும், ஆனால் 50 டிகிரிக்கு மேல் சூடாக ஊற்றக் கூடாது. மெஷினின் தரைத் தலையைப் பின்னோக்கி இழுக்க வேண்டும், ஒவ்வொரு வரிசையும் முந்தைய வரிசை மேல் ஒரு விரற்கடை ஏற வேண்டும். தெளித்து ஒரு இழுப்பு, தெளிக்காமல் இரண்டு இழுப்பு. இந்த இரண்டாவது வெறும் இழுப்பைத்தான் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள். காலையில் வரும் நாற்றத்துக்குக் காரணம் அதுதான்.

ஒரு சோதனை: 10 லிட்டர் தெளித்து முடித்ததும் அழுக்கு டேங்கைப் பாருங்கள். ஏழு லிட்டருக்குக் குறையாமல் திரும்பியிருக்க வேண்டும். ஐந்துதான் வந்தது என்றால் தரைத் தலையின் அடியில் கார்ப்பெட்டில் படியும் விளிம்பான லிப் தேய்ந்திருக்கும், அல்லது மூடியின் ரப்பர் சரியாக உட்கார்ந்திருக்காது, அல்லது ஹோஸில் எங்கோ காற்று இழுக்கிறது. மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் அடுத்த டேங்க்.

இனி விலை. கீழே இருக்கும் ரூபாய் எல்லாம் கணக்கு காட்டுவதற்கு வைத்தவை. உங்கள் ஊர்க் கூலியையும் வண்டி வாடகையையும் அந்தந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு இரவு, ஒரு புட்ஸி, இரண்டு ஆள், 750 சதுர அடி என்று வைப்போம். ஆளுக்கு 900 வீதம் கூலி 1,800. போக வர லோடு வண்டி 1,200. கெமிக்கல் 450. மெஷின் தேய்மானம்: விலை 70,000 என்றும் ஆயிரம் மணி நேரம் உழைக்கும் என்றும் வைத்தால் மணிக்கு 70, ஐந்து மணிக்கு 350. சாப்பாடு, டீ 200. மொத்தம் 4,000. இது கையை விட்டுப் போகும் காசு. இதன் மேல் போன், இடம் பார்க்கப் போன பெட்ரோல், ஆடிட்டர், இன்சூரன்ஸ் ஆகியவற்றுக்கு 20 சதவீதம் சேர்த்தால் 4,800. கறை திரும்பி வந்தது என்று கூப்பிட்டால் போய்ப் பார்க்க 5 சதவீதம், 5,040. லாபம் 25 சதவீதம், 6,300. இதை 750-ஆல் வகுத்தால் சதுர அடி 8 ரூபாய் 40 காசு. ஜிஎஸ்டி 18 சதவீதம் தனி.

நாலு ரூபாய் ரேட்டில் அதே இரவுக்குக் கிடைப்பது 3,000. கையை விட்டுப் போனதே 4,000. அப்படியானால் நாலு ரூபாய்க்குச் செய்கிறவர்கள் எப்படிச் செய்கிறார்கள்? அடியில் ஒரே வட்டத் தட்டு சுழலும் சிங்கிள் டிஸ்க் மெஷினில் பிரஷ் மாட்டி, ஷாம்பூ நுரையைத் தேய்த்து, மேலாக ஒரு வெட் வேக்குவம் ஓட்டிவிட்டுப் போவார்கள். அன்றைக்குப் பளிச்சென்று இருக்கும். உள்ளே தங்கிய ஷாம்பூ பிசுபிசுப்பாகக் காயும், நடக்கிறவர்களின் செருப்புத் தூசியை எல்லாம் பிடித்துக்கொள்ளும், மூன்று வாரத்தில் முன்னைவிடக் கறுப்பாகும். அடுத்து புட்ஸியோடு நீங்கள் போகும்போது அந்தப் பழைய ஷாம்பூதான் உங்கள் டேங்கில் நுரையாகப் பொங்கும். நுரை மோட்டாருக்குள் ஏறினால் செலவு. நுரை ஒழிப்பான் கெமிக்கலை அழுக்கு டேங்கில் முதலிலேயே ஒரு மூடி ஊற்றிவிடுங்கள். நுரை அதிகமாக வரும் தளத்துக்குக் கொட்டேஷனில் முதல் தடவைக்கு மட்டும் கூடுதல் ரேட் போடுவது நியாயம், ஏனென்றால் இரண்டு தடவை அலச வேண்டியிருக்கும்.

இதற்காக எட்டரை ரூபாய் என்று பிடிவாதம் பிடித்தாலும் பெரிய தளத்தின் ஆர்டர் கிடைக்காது. அங்கே புட்ஸியை மட்டும் நம்பக் கூடாது என்பதுதான் விஷயம். 3,000 சதுர அடி அலுவலகத்தை நடந்து பார்த்தால் உண்மையில் அழுக்கான இடம் ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கும்: வாசல், நடைபாதை, பேன்ட்ரி ஓரம், மீட்டிங் ரூம். மீதி இடத்தில் தூசியும் மங்கலும்தான். அந்த 2,400 சதுர அடிக்கு என்காப்சுலேஷன் முறை போதும். ஒருவகை பாலிமர் கலந்த கெமிக்கலைக் குறைந்த ஈரத்தில் அடித்து, சிங்கிள் டிஸ்க் மெஷினில் பேட் மாட்டித் தேய்க்கிறார்கள். கெமிக்கல் அழுக்கைச் சுற்றிக்கொண்டு மொறுமொறுப்பான துகளாகக் காயும், அடுத்தடுத்த நாள் வேக்குவத்தில் வந்துவிடும். மணிக்கு 750 சதுர அடி தாராளமாக முடியும், ஒன்றிரண்டு மணி நேரத்தில் காய்ந்துவிடும்.

இரண்டையும் ஒரே இரவில் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டினால் கணக்கு எப்படி மாறுகிறது பாருங்கள். சிங்கிள் டிஸ்க்கில் 2,400 சதுர அடிக்கு மூன்றேகால் மணி. புட்ஸியில் 600 சதுர அடிக்கு நான்கு மணி. மூன்று ஆள் கூலி 2,700, வண்டி 1,200, கெமிக்கல் 1,480, இரண்டு மெஷின் தேய்மானம் 440, பேட் 250, சாப்பாடு 300. மொத்தம் 6,370. 20 சதவீதம் சேர்த்தால் 7,644, அதன்மேல் 5 சதவீதம் 8,026, லாபம் 25 சதவீதம் சேர்த்தால் 10,000 ரூபாய் சொச்சம். சதுர அடிக்கு 3 ரூபாய் 35 காசு. அரைகுறையாக ஷாம்பூ போடுகிறவரின் நாலு ரூபாயைவிடக் குறைவு, வேலை முழுமை, 25 சதவீத லாபமும் நிற்கிறது. புட்ஸி 10/1-ஐ வாங்கலாமா என்று கேட்பவருக்கு எங்கள் பதில் இதுதான்: இரண்டாவது மெஷினாக வாங்குங்கள். தனியாக வாங்கினால் கேபின், மீட்டிங் ரூம், சோபா, 1,000 சதுர அடிக்குள் அடங்கும் வேலை என்று எல்லை போட்டுக்கொள்ளுங்கள். குறைந்தபட்ச பில் இவ்வளவு என்று ஒரு தொகையும் வையுங்கள். 100 சதுர அடி ஆனாலும் வண்டி வாடகை அதேதான்.

நாற்காலிகளை மட்டும் சதுர அடியில் சேர்க்காதீர்கள். துணி போட்ட அலுவலக நாற்காலியை புட்ஸியின் சின்னக் கைத்தலையால் செய்தால் ஆறேழு நிமிடம் ஆகும். எண்ணிக்கைக்கு இவ்வளவு என்று தனி வரி போடுங்கள். பல இடங்களில் கார்ப்பெட்டைவிட நாற்காலியில்தான் நல்ல காசு. மேலும் அதைப் பகலில், மீட்டிங் ரூமில் வைத்தே முடித்துவிடலாம்.

இடத்தை அளக்கும்போது ஒரு சொல்லால் பலர் ஏமாறுகிறார்கள். "சார், எங்க கார்ப்பெட் ஏரியா ஆறாயிரம்" என்று அலுவலகப் பராமரிப்பைப் பார்க்கும் ஃபெசிலிட்டி மேனேஜர் சொல்வார். அவர் சொல்வது கட்டட ஒப்பந்தத்தில் வரும் கார்ப்பெட் ஏரியா, சுவருக்குள் இருக்கும் உபயோக இடம். அதில் டாய்லெட், பேன்ட்ரி, சர்வர் ரூம், டைல்ஸ் போட்ட வரவேற்பறை எல்லாம் அடக்கம். உண்மையில் கார்ப்பெட் விரித்த இடம் நாலாயிரம்தான் இருக்கும், அதிலும் நிலையாகப் பொருத்திய கப்போர்டுகளுக்கு அடியில் யாரும் சுத்தம் செய்யப்போவதில்லை. ஆறாயிரத்துக்கு மொத்தமாக ரேட் சொன்னால் அளந்து சொன்ன இன்னொருவரிடம் ஆர்டர் போய்விடும். நீங்களே அளங்கள். கார்ப்பெட் டைல்ஸ் ஆக இருந்தால் டேப் கூட வேண்டாம், டைல் 50 செ.மீ. சதுரமா 60 செ.மீ. சதுரமா என்று பார்த்துவிட்டு எண்ணிக்கொண்டே நடக்கலாம். 50 செ.மீ. டைல் நான்கு சேர்ந்தால் ஒரு சதுர மீட்டர்.

அளக்கும்போதே பார்க்க வேண்டியவை இன்னும் இருக்கின்றன. டைல் ஓரங்கள் எழும்பியிருக்கிறதா? எழும்பியிருந்தால் பசை ஏற்கெனவே விட்டுப்போயிருக்கிறது. நிறைய தண்ணீர் விட்டால் இன்னும் எழும்பும், பழி உங்கள் மேல் வரும். போட்டோ எடுத்துக் கொட்டேஷனோடு அனுப்புங்கள். தரையில் பிளக் பாக்ஸ் எங்கெங்கே இருக்கிறது? ஐடி அலுவலகங்களில் கார்ப்பெட்டுக்கு அடியிலேயே மின் ஒயரும் நெட்வொர்க் ஒயரும் ஓடுகின்றன. பாக்ஸ் மூடியைச் சுற்றி ஒரு அடிக்கு புட்ஸியில் தெளிக்கவே கூடாது, ஈரத் துணிதான். கார்ப்பெட்டின் இழை என்ன? நைலான் என்றால் சாதாரண கெமிக்கல் தாங்கும், கறை பிடிக்காத பூச்சு இருந்தால் கெமிக்கலின் காரத்தன்மையைக் காட்டும் பிஎச் 10-க்கு மேல் போகாதீர்கள். எம்.டி. அறையில் கம்பளி விரிப்பு இருந்தால் காரக் கெமிக்கல் ஆகாது, கம்பளிக்கென்று போட்டதைத்தான் எடுக்க வேண்டும். பின்பக்கம் சணல் என்றால் ஈரம் அதிகமானால் பழுப்பு நிறம் மேலேறும். அந்த அறைக்குத் தனி ரேட் சொல்லுங்கள், அல்லது வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

விற்பதற்கு பிரௌஷர் தேவையில்லை. புட்ஸியின் மூடி போதும். இடம் பார்க்கப் போகும்போதே மெஷினைக் கொண்டுபோங்கள், லிஃப்டுக்கு முன்னால் மூன்றடிக்கு மூன்றடி இடத்தை மாஸ்கிங் டேப் ஒட்டிப் பிரித்துக்கொள்ளுங்கள். சொன்ன முறைப்படியே முழுதாகச் செய்யுங்கள்: வேக்குவம், ப்ரீ-ஸ்ப்ரே, பத்து நிமிடம், பிரஷ், அலசல். காத்திருக்கும் அந்தப் பத்து நிமிடத்தில் அளவு, நேரம், ஏசி பற்றிப் பேசி முடித்துவிடலாம். மூடிக்குள் கறுப்புக் காபி மாதிரித் தண்ணீர் சுழல்வதை மேனேஜர் பார்ப்பார். முடிந்ததும் ஒரு வெள்ளைத் துண்டை ஈரப்படுத்தி, சுத்தம் செய்த பக்கத்தில் ஒரு தேய்ப்பு, செய்யாத பக்கத்தில் ஒரு தேய்ப்பு. அந்தத் துண்டை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு வாருங்கள். ஆர்டர் போடும் அதிகாரம் அவரிடம் இருக்காது, மேலே அட்மின் ஹெட்டிடம் காட்ட அவருக்கு ஏதாவது வேண்டும்.

ஆனால் சாம்பார் கறையை டெமோவுக்கு எடுக்காதீர்கள். நம் ஊர் அலுவலகங்களுக்கே உரிய கறை அது. மஞ்சளில் இருக்கும் நிறம் காரம் (மிளகாய்க் காரமல்ல, அல்கலி) பட்டால் சிவப்பாக மாறும். குங்குமத்தின் சிவப்பு வருவதும் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்துதான். சாதாரண ப்ரீ-ஸ்ப்ரே காரத்தன்மை கொண்டது, அதை மஞ்சள் கறையின் மேல் அடித்த நிமிடமே ரத்தம் சிந்தியது போல ஆகிவிடும். மேனேஜர் பதறிப்போவார். அந்த இடத்தை முதலில் வெறும் தண்ணீரால் உறிஞ்சி எடுத்து, 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடை மறைவான இடத்தில் சோதித்துவிட்டுத் தொட்டுத் தொட்டு வைக்க வேண்டும். வெளிச்சம் படுகிற இடமானால் மிச்சம் தானாகவே மங்கும். பிரிண்டர் டோனர் கொட்டியிருந்தால் வேக்குவம் மட்டும்தான், சூடான தண்ணீர் பட்டால் ஒட்டிப்போகும். பிளீச் கொட்டி நிறம் போன இடம் கறையே அல்ல, அது சாயம் போனது. எந்த மெஷினும் திருப்பித் தராது. அலுவலகத்தில் மிச்ச டைல் கட்டு ஒன்று ஸ்டோர் ரூமில் இருக்கும், அந்த ஒரு டைலை மாற்றிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

கறை திரும்பி மேலே வருவது தனிக் கதை. காபி, ஜூஸ் ஆகியவை இழையின் அடிவரை இறங்கியிருக்கும். மேலே சுத்தம் செய்ததும் அடியில் இருக்கும் ஈரம் காய்ந்துகொண்டே மேலேறும்போது கறையையும் கூட்டி வரும். இரவில் போனது காலையில் நிற்கும். வேலை முடித்ததும் அந்த இடத்தில் மடித்த வெள்ளைத் துண்டை வைத்து, மேலே கனமாக எதையாவது ஏற்றி, காயும்வரை விட்டால் துண்டு அதை வாங்கிக்கொள்ளும். கணக்கில் 5 சதவீதம் ஒதுக்கச் சொன்னது இதற்குத்தான்.

காயும் நேரத்தைக் கொட்டேஷனில் எழுதாமல் விடுகிறவர்கள்தான் அதிகம் திட்டு வாங்குகிறார்கள். புட்ஸியால் சரியாக உறிஞ்சினால், ஏசியும் காற்றடிக்கும் புளோயரும் ஓடினால், நான்கு முதல் ஆறு மணி நேரம். சென்னையில் ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில், ஏசி நிறுத்திய மூடிய தளத்தில், விடிந்தும் ஈரமாகவே இருக்கும். பெரிய ஐடி பார்க்குகளில் மாலைக்கு மேல் மைய ஏசியை நிறுத்திவிடுவார்கள், இரவில் வேண்டுமென்றால் மணிக்கு இவ்வளவு என்று கட்டட நிர்வாகம் தனியாக வசூலிக்கும். அந்தக் காசு யார் தலையில் என்பதை ஆர்டர் வாங்கும் முன் எழுத்தில் முடிவு செய்யுங்கள். சனிக்கிழமை இரவு வேலையைக் கேட்டு வாங்குங்கள். ஞாயிறு முழுதும் காய நேரம் கிடைக்கும். ஈரக் கார்ப்பெட்டிலிருந்து வழுவழு டைல்ஸுக்குக் கால் வைக்கும் இடத்தில் எச்சரிக்கைப் பலகை கட்டாயம்.

தண்ணீரையும் கவனியுங்கள். ஓஎம்ஆர் பக்கம் பல கட்டடங்கள் லாரித் தண்ணீரையும் போர் தண்ணீரையும் நம்பியிருக்கின்றன. உப்புத் தண்ணீரில் கெமிக்கல் சரியாக நுரைக்காது, சரியாக வேலை செய்யாது, வெள்ளைப் படிவம் விடும். தெளிக்கும் முனையான நாசிலும் சீக்கிரம் அடைக்கும். தெளிப்பு விசிறி மாதிரி விரியாமல் ஒரு பக்கம் கோடாக விழுந்தால் நாசிலில் உப்பு கட்டியிருக்கிறது. கழற்றி வினிகரில் ஊறவைத்தால் போதும், ஊசியால் குத்தினால் துளை பெரிதாகிவிடும். வேலை முடிந்த இரவே இரண்டு லிட்டர் நல்ல தண்ணீரைத் தெளித்து பம்பையும் குழாயையும் அலசிவிட வேண்டும். டேங்கைக் கழுவி, மூடியைத் திறந்தே வையுங்கள், மூடிவைத்தால் இரண்டு நாளில் அழுகல் வாடை. தண்ணீர் தீர்ந்த பிறகு பம்ப் சுவிட்சை ஓடவிடாதீர்கள்.

மின்சாரம்: மெஷின் ஐந்தரை ஆம்பியருக்கு மேல் இழுக்கும். மேசைகளில் இருக்கும் யுபிஎஸ் சாக்கெட்டில் மட்டும் செருகிவிடாதீர்கள், ஒரு வரிசை கம்ப்யூட்டரே அணைந்துவிடும். ஹவுஸ்கீப்பிங்குக்கென்று தூணில் இருக்கும் சாதா பாயின்ட் எது என்று எலெக்ட்ரீஷியனிடம் கேட்டு, மூன்று கோர் 2.5 சதுர மி.மீ. ஒயரில் செய்த எக்ஸ்டென்ஷன் பெட்டி ஒன்றைக் கொண்டுபோங்கள்.

கொட்டேஷன் ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம், ஆனால் இவை இருக்க வேண்டும்: அளந்த சதுர அடி, எந்தப் பகுதிக்கு எந்த முறை, எந்த நாற்காலி மேசையை நீங்கள் நகர்த்துவீர்கள் எதை நகர்த்த மாட்டீர்கள், உறுதி தராத கறைகள் போட்டோவோடு, காயும் நேரம், தண்ணீரும் மின்சாரமும் வாடிக்கையாளருடையது, என்காப்சுலேஷன் செய்த பகுதியை அடுத்த மூன்று நாள் அவர்களுடைய ஹவுஸ்கீப்பிங் ஆட்கள் வேக்குவம் செய்ய வேண்டும் என்ற வரி. கடைசியாகச் சொன்னதை எழுதாவிட்டால் காய்ந்த துகள் உள்ளேயே கிடக்கும், சுத்தம் செய்தும் மங்கல் போகவில்லை என்பார்கள். எல்லாவற்றையும் ஒரே மொத்தத் தொகையாகப் போடாமல் பகுதிவாரியாகப் போடுங்கள். பட்ஜெட் குறைவு என்றால் அவர்கள் ஒரு பகுதியை எடுத்துவிடட்டும், ரேட்டில் கை வைக்க வேண்டாம்.

ஜிஎஸ்டி பற்றி வாடிக்கையாளர் முகம் சுளித்தால், ஐடி கம்பெனி போன்றவை அந்த 18 சதவீதத்தை உள்ளீட்டு வரியாக, அதாவது தாங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்து, எடுத்துக்கொள்ள முடியும் என்று நினைவுபடுத்தலாம். பள்ளி, மருத்துவமனைக்கு அப்படி முடியாது, அவர்களுக்கு அது நிஜச் செலவு. அங்கே வரியோடு சேர்த்த தொகையைத்தான் பெரிய எழுத்தில் போட வேண்டும். கம்பெனிகள் பில்லில் டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) பிடிப்பார்கள், தனிநபர் தொழிலுக்கு 1 சதவீதம், கூட்டு நிறுவனத்துக்கு 2 சதவீதம். அது லாபத்தில் குறைவதில்லை, ஆனால் கைக்கு வரும் பணத்தில் குறையும். சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவு எடுத்து அதன் எண்ணை பில்லிலேயே போடுங்கள். 2006-ஆம் ஆண்டின் சிறு, குறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, குறு, சிறு நிறுவனத்துக்கான பணத்தை ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் தள்ளக் கூடாது. ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். 90 நாள் கிரெடிட் கேட்பவரிடம் பேச இந்த ஒரு வரி போதும்.

ஆண்டு ஒப்பந்தம் பேசும்போது எல்லா இடத்துக்கும் ஒரே இடைவெளி வைக்க வேண்டாம். வாசலும் நடைபாதையும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை புட்ஸி, பணியிடங்கள் ஆறு மாதத்துக்கு ஒரு முறை என்காப்சுலேஷன், நாற்காலி வருடத்துக்கு ஒரு முறை. தள்ளுபடி கேட்டால் காரணமில்லாமல் சதவீதம் வெட்டாதீர்கள். அதே கட்டடத்தில் இரண்டு தளம் ஒரே இரவில் கிடைத்தால் ஒரு வண்டி வாடகை மிச்சம், அந்த 1,200-ஐக் குறைத்துக் கொடுக்கலாம்.

மெஷின் வாங்கும்போதே கூடுதல் நாசில் இரண்டு, தரைத் தலைக்கு ஒரு லிப், மூடி ரப்பர் ஒன்று, ஹோஸ் இணைப்பின் ரப்பர் வளையமான ஓ-ரிங் நாலைந்து சேர்த்து வாங்கி ஒரு டப்பாவில் மெஷினோடு வையுங்கள். இரவு பதினோரு மணிக்கு சோழிங்கநல்லூரில் பத்து ரூபாய் ஓ-ரிங் எந்தக் கடையிலும் கிடைக்காது. முதல் நாள் செக்யூரிட்டியிடம், பொருளைத் திரும்ப வெளியே எடுத்துப்போக உதவும் ரிட்டர்னபிள் கேட் பாஸில் மெஷினின் சீரியல் எண்ணோடு இந்த டப்பாவையும் எழுதிவாங்குங்கள், இல்லையென்றால் திரும்பும்போது வாசலில் நிறுத்திவைப்பார்கள்.